விண்வெளியில் கொம்புத் தேன்

"முடவன் கொம்புத் தேனுக்கு ஆசைப்பட்டாற்போல" என்று ஒரு பழமொழி நம்மிடையே வெகு காலமாக வழங்கி வருகிறது. எட்டாததற்கு ஆசைப்படுகிறவனைப் பார்த்து ஊரார் எள்ளி நகையாடுவதற்காக ஏற்பட்ட வாசகம் அது. பழமொழிகளில் பல அநுபவத்தின் சாரம் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் சில பழமொழிகள் அநுபவத்தின் சாரமல்ல, சோம்பலின் சாரம். கொம்பு உயரத்தில் இருக்கிறது, ஏறுகிறவனுக்குக் கால் இல்லை, சரி. ஓர் ஏணியைக் கொண்டு வந்து சாத்தினால் என்ன என்று இந்தப் பழமொழியைக் கட்டியவருக்கும் தோன்றவில்லை. கேட்டுச் சிரித்தவர்களுக்கும் தோன்றவில்லை.

இப்பொழுது கொம்பு முன்னிலும் உயரத்துக்குப் போய்விட்டது. பூமிக்கு மேலே சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சர்வதேச விண்வெளி நிலையம் என்னும் மிதக்கும் வீடு ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை உலகத்தைச் சுற்றி வருகிறது. 2000-ஆம் வருஷம் நவம்பர் மாதம் முதல் மனிதர்கள் ஒரு நாளேனும் இடைவெளியின்றி அதில் குடியிருந்து வருகிறார்கள். அந்த வீட்டுக்குச் சென்று மாதக்கணக்கில் தங்கி வேலை பார்ப்பதற்கு ஜான் மக்ஃபால் என்னும் ஆங்கிலேயர் தேக நிலையில் எவ்விதக் குறைவுமின்றித் தகுதியுள்ளவர் என்று 2025-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் அத்தாட்சி கிடைத்தது. இதில் என்ன அதிசயம் என்று நேயர்கள் கேட்கலாம். மக்ஃபாலுக்கு வலது கால் முழங்காலுக்கு மேலேயே துண்டிக்கப்பட்டிருக்கிறது. அதுதான் அதிசயம்.

மேலே செல்வதற்கு முன் ஒரு வார்த்தை. 'அங்கஹீனர்' என்றும் 'ஊனமுற்றோர்' என்றும் எழுதி வந்த காலம் போய், 'மாற்றுத் திறனாளி' என்னும் சொல்லைத் தமிழ்நாட்டு அரசாங்கமே ஏற்றுக்கொண்டு விட்டது. சொல்லை மாற்றுவதனால் மட்டும் ஒருவருக்குப் படியேற வழி பிறந்து விடாது என்பதை நாம் அறிவோம். இருந்தாலும் இந்த விஷயத்தைப் பொறுத்தவரையில் அந்தச் சொல் வெறும் மரியாதை வார்த்தையாக இல்லாமல் பொருள் நிறைந்ததாகவே இருக்கிறது. எப்படி என்பதை வரும் பகுதிகளில் காணலாம்.

வழி கண்டவர் யார்?

விண்வெளிப் பிரயாணம் திடகாத்திரமுள்ள வீரர்களின் காரியம் என்று பலரும் எண்ணுகிறார்கள். அவர்கள் ஒரு சரித்திரத்தை மறந்து விடுகிறார்கள். ராக்கெட்டின் மூலம் பூமியை விட்டு வெளியேற முடியும் என்பதைக் கணக்குப் போட்டு நிரூபித்த முதல் மனிதர்களில் ஒருவர் ரஷ்யாவில் 1857-ஆம் வருஷம் பிறந்த கன்ஸ்தந்தீன் ஸியல்கோவ்ஸ்கி. சிறுவராயிருக்கும்போது அவருக்குக் கடுமையான ஜுரம் கண்டது. ஜுரம் தணிந்தது, ஆனால் காது ஏறக்குறைய செவிடாகிவிட்டது. பள்ளிக்கூடப் படிப்பு நின்றது. மாஸ்கோ நகரத்துப் புத்தகசாலையில் உட்கார்ந்து கணிதத்தையும் பௌதிகத்தையும் தாமே கற்றுக் கொண்டார். பிறர் பேசுவது கேட்பதற்காகப் பெரிய புனல்களைப் போன்ற குழாய்களைத் தம் கையாலேயே செய்து காதில் வைத்துக் கொள்வாராம். கலூகா என்னும் ஊரில் உபாத்தியாயர் வேலை பார்த்துக் கொண்டே, ராக்கெட்டு எவ்வளவு எரிபொருளுக்கு எவ்வளவு வேகம் பெறும் என்பதைக் காட்டும் சூத்திரத்தை 1903-இல் வெளியிட்டார். இன்றும் எந்தத் தேசத்தார் ராக்கெட்டு விட்டாலும் அந்தச் சூத்திரத்தை விட்டு விலக முடியாது.

வழி கண்டவர் காது கேளாதவர். ஆனால் வழி திறந்தபின் வாசலில் நின்ற காவற்காரர்கள் காது, கண், கை, கால், மூக்கு எல்லாவற்றையும் சோதித்து ஒரு சிறு குறை இருந்தாலும் திருப்பி அனுப்பினார்கள்.

காவற்காரர்களைக் குறை கூறுவதற்கில்லை. 1959-இல் அமெரிக்கர் முதல் விண்வெளி வீரர்கள் ஏழு பேரைப் பொறுக்கியெடுத்தபோது, மேலே போனால் மனிதனுக்கு மூச்சு விட முடியுமா, உணவு தொண்டையில் இறங்குமா என்பதே யாருக்கும் தெரியாது. ஆகவே புதுவித ஆகாய விமானங்களை ஓட்டிப் பார்க்கும் ராணுவ விமானிகளையே பொறுக்கினார்கள். அதிலும் ஒரு விசித்திரமான விதி இருந்தது. உயரம் ஐந்தடி பதினோரு அங்குலத்துக்கு மேற்படக் கூடாது! ஏனென்றால் கலம் அவ்வளவு சிறியது. ஆறடி உயரமுள்ள ஆஜானுபாகுவான ஒரு விமானி அன்று அந்தப் பரீட்சையில் தேறியிருக்க முடியாது. ஊரெல்லாம் யாருடைய தேகக் கட்டைக் கண்டு வியந்ததோ அவர், அந்தக் கலத்தைப் பொறுத்தவரையில், குறையுள்ளவர். குறை அவர் உடம்பிலா, கலத்திலா?

இந்தக் கேள்வியை நாம் விளையாட்டாகக் கேட்கவில்லை. 2019-ஆம் வருஷம் மார்ச் மாதத்தில் இரண்டு பெண்மணிகள் சேர்ந்து விண்வெளி நிலையத்துக்கு வெளியே சென்று வேலை செய்வதாக ஏற்பாடாகியிருந்தது. அது தள்ளிப் போடப்பட்டது. காரணம், அவர்களுக்குப் பொருந்தும் அளவில் இரண்டாவது விண்வெளி உடை உடனே அணியத்தக்கதாகத் தயாராயில்லை. அந்தப் பெண்மணிகளின் தேகத்தில் ஒரு குறையும் கிடையாது. தையற்காரர் அளவெடுத்துத் தைக்காத குற்றத்துக்குச் சட்டை போட்டுக் கொள்கிறவரையா குறை சொல்வது?

சீட்டாடியவர்களும் வாந்தியெடுத்தவர்களும்

காது கேளாதவர்களைப் பற்றிச் சொன்னோம். அவர்களைப் பற்றி இன்னொரு கதை இருக்கிறது. நெடுங்காலம் யாரும் அதைப் பெரிதாகச் சொல்லவில்லை.

மனிதனுடைய உட்காதிலே அரை வட்ட வடிவமான மூன்று சிறு குழாய்கள் உண்டு. அவற்றுக்குள் ஒரு திரவம் இருக்கிறது. தலை அசைந்தால் திரவம் அசையும். அதைக் கொண்டு உடம்பு எப்பக்கம் சாய்கிறது என்று மூளை அறிந்து கொள்ளும். கப்பலிலும் மலைப்பாதை வண்டியிலும் கண் ஒன்று சொல்ல, இந்தக் குழாய்கள் வேறொன்று சொல்லும். இந்தச் சாட்சிகளின் முரண்பாட்டில் வயிறு குமட்டுகிறது. விண்வெளியில் மேல் கீழ் என்பதே கிடையாதாகையால் குழப்பம் இன்னும் அதிகம். மேலே போகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் முதல் இரண்டு மூன்று நாட்கள் தலைசுற்றலிலும் வாந்தியிலும் அவதிப்படுகிறார்கள்.

1950-களின் பிற்பகுதியில் அமெரிக்கக் கடற்படை வைத்திய ஆராய்ச்சியாளர்களும், பின்னர் அவர்களுடன் நாஸா ஸ்தாபனத்தாரும் இந்தத் தொல்லையை ஆராயப் புகுந்தார்கள். வாஷிங்டன் நகரில் காது கேளாதவர்களுக்காக ஏற்பட்ட காலடெட் கல்லூரியிலிருந்து பதினோரு ஆடவர்களை அழைத்தார்கள். அவர்களில் பத்துப் பேர் சிறு வயதில் மூளையுறைக் காய்ச்சலால் செவிப்புலனை இழந்தவர்கள். அதே காய்ச்சல் உட்காதின் குழாய்களையும் செயலற்றவையாக்கி விட்டிருந்தது. ஆதலால் அவர்களுக்குத் தலைசுற்றல் என்பதே கிடையாது.

எத்தனை விதமாகச் சோதித்தார்கள் தெரியுமா? இருபதடி அகலமுள்ள ஓர் அறையை நிமிஷத்துக்குப் பத்துச் சுற்று வீதம் சுழல விட்டு, அதற்குள் நால்வரைப் பன்னிரண்டு நாட்கள் தொடர்ந்து குடியிருக்கச் செய்தார்கள். ஆகாய விமானத்தை மேலே ஏற்றிச் சட்டென்று கவிழ்த்து இறக்கி, எடையற்ற நிலையை உண்டாக்கிப் பார்த்தார்கள். நோவா ஸ்கோஷியா கரைக்கு அப்பால் கொந்தளிக்கும் கடலில் படகேற்றிக் கொண்டு போனார்கள். அங்கேதான் வேடிக்கை நடந்தது. அலை படகைத் தூக்கித் தூக்கிப் போட்டது. காது கேளாத நண்பர்கள் உற்சாகமாக உட்கார்ந்து சீட்டாடிக் கொண்டிருந்தார்கள். அவர்களைச் சோதிக்க வந்த விஞ்ஞானிகளோ தலை நிமிர முடியாமல் வாந்தியெடுத்து, பரிசோதனையையே நடுவில் நிறுத்தும்படி ஆயிற்று!

விண்வெளிப் பிரயாணத்துக்கு யார் லாயக்கானவர்கள் என்று அந்தப் படகிலிருந்த சிறு பிள்ளையைக் கேட்டாலும் சொல்லியிருக்கும். ஆனால் அந்தப் பதினோரு பேரில் ஒருவராவது மேலே அனுப்பப்படவில்லை. அவர்கள் பொறுமையோடு கொடுத்த விவரங்களைக் கொண்டு, காது கேட்கிறவர்களை எப்படிப் பத்திரமாக அனுப்பலாம் என்று தெரிந்து கொண்டார்கள். 2017-இல் காலடெட் சர்வகலாசாலையில் அவர்களைப் பற்றி ஒரு கண்காட்சி நடந்த பிறகே வெளியுலகம் அவர்களைத் திரும்பிப் பார்த்தது.

இதே காதின் விஷயமாக இன்னொருவர் கதை வேறு மாதிரி முடிந்தது. அமெரிக்கர்களில் முதன் முதலாக 1961-இல் விண்வெளிக்குச் சென்ற ஆலன் ஷெப்பர்டுக்குப் பிற்பாடு உட்காதில் நோய் கண்டு, நிற்கவே தடுமாறும் நிலை ஏற்பட்டது. பல வருஷங்கள் அவரைப் பறக்க விடவில்லை. சத்திர சிகிச்சை செய்து கொண்டு, 1971-ஆம் வருஷம் அபோலோ 14 கலத்தின் தலைவராகச் சென்று சந்திரனில் நடந்துவிட்டு வந்தார். அவருக்கு முன்பே பெயரும் புகழும் இருந்தன. அவருக்காகப் பேசவும் ஆட்கள் இருந்தார்கள். சீட்டாடிய பதினோரு பேருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

எல்லோரையும் முடமாக்கும் இடம்

நிற்க. விண்வெளியில் மனித தேகம் படும் பாட்டைச் சற்று பார்ப்போம். அங்கே கால்களால் நடக்கிற வேலையே இல்லை. கையால் ஒரு பிடியைத் தொட்டு உந்தினால் உடம்பு மிதந்து போகிறது. நிறுத்த வேண்டுமானால் இன்னொரு பிடியைப் பற்ற வேண்டும். கால் இரண்டும் பின்னால் வால் போல வருகின்றன. புதிதாக வந்தவர்கள் அந்தக் கால்களால் சாமான்களை உதைத்துத் தள்ளிவிடுவதும் உண்டு. எங்கேனும் நிலையாய் நின்று வேலை செய்ய வேண்டுமானால் பாதத்தை ஒரு கம்பியில் கோத்துக் கொள்வதுதான் காலின் முக்கிய உத்தியோகம்.

வேலையில்லாத உறுப்பு மெலியத் தொடங்குகிறது. உடற்பயிற்சி செய்யாவிட்டால் இடுப்பெலும்பு, தொடையெலும்பு முதலியவை மாதத்துக்கு நூற்றுக்கு ஒன்று அல்லது ஒன்றரை வீதம் கரைகின்றன. அதைத் தடுப்பதற்காகத் தினம் இரண்டு மணி நேரம் வரையில் யந்திரங்களின்மேல் ஓடியும் தசைகளை முறுக்கியும் பாடுபடுகிறார்கள். ரத்தமும் நீரும் தலைப் பக்கம் ஏறி முகம் வீங்கிப் போகிறது. கால்கள் கொக்குக் கால்களாகின்றன. சிலருக்குக் கண் பார்வை மாறிவிடுகிறது. ஆகையால் மூக்குக் கண்ணாடியை முன்கூட்டியே கொடுத்தனுப்புகிறார்கள்.

ஆறு மாதம் கழித்துக் கஜகஸ்தான் வெளியில் ரஷ்யக் கலம் வந்து இறங்கும் காட்சியைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். மகா வீரர்களை நாலு பேர் தூக்கி வெளியே எடுத்து, சாய்வு நாற்காலியில் உட்கார வைத்து, போர்வை போர்த்தி விடுகிறார்கள். உலகத்திலேயே பொறுக்கியெடுத்த தேகக் கட்டுள்ளவர்கள், அந்த நேரத்தில் பிறர் தயவில்லாமல் பத்தடி நடப்பதற்குத் தடுமாறுகிறார்கள். யாரும் அவர்களைப் பார்த்துப் பரிதாபப்படுவதில்லை. பழமொழி சொல்வதும் இல்லை. நாற்காலியும் ஆட்களும் முன்னேற்பாடாக அங்கே தயாராய் இருக்கின்றன. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஜான் மக்ஃபால்

இனி ஒற்றைக் காலரின் கதைக்கு வருவோம். 1981-இல் பிறந்த மக்ஃபால், பத்தொன்பதாவது வயதில் தாய்லாந்து தேசத்தில் சுற்றுப்பிரயாணம் செய்து கொண்டிருந்தபோது மோட்டார் சைக்கிள் விபத்துக்கு உள்ளாகி வலது காலை இழந்தார். செயற்கைக் கால் பொருத்திக் கொண்டு மறுபடி நடக்கக் கற்றார். பிறகு ஓடக் கற்றார். 2008-ஆம் வருஷம் பெய்ஜிங் நகரில் நடந்த பாராலிம்பிக் பந்தயங்களில் நூறு மீட்டர் ஓட்டத்தில் வெண்கலப் பதக்கம் பெற்றார். அதோடு நின்றாரா? வைத்தியம் படித்து, எலும்பு முறிவுகளுக்குச் சிகிச்சை செய்யும் சத்திர வைத்தியரானார்.

2021-இல் ஐரோப்பிய விண்வெளி ஸ்தாபனத்தார் புதிய வீரர்கள் தேவை என்று விளம்பரம் செய்தபோது, உலகத்தில் எந்த விண்வெளி ஸ்தாபனமும் அதுவரை செய்யாத காரியம் ஒன்றைச் செய்தார்கள். காலில் குறையுள்ளவர்களும், இரண்டு காலும் நீளத்தில் பெரிதும் வேறுபட்டவர்களும், 130 சென்டிமீட்டருக்குக் குறைந்த உயரமுள்ளவர்களும் மனுச் செய்யலாம் என்று தனியாக ஓர் அழைப்பு விடுத்தார்கள். படிப்பிலும் அறிவிலும் மனத்திடத்திலும் ஒரு சலுகையும் கிடையாது. காலைப் பற்றி மட்டும் கேட்பதில்லை. மொத்தம் வந்த மனுக்கள் 22,000-க்கு மேல். அவற்றில் இந்தத் தனி அழைப்புக்கு வந்தவை 257. அடுத்த வருஷம் நவம்பர் மாதத்தில் பாரிஸ் நகரில் பதினேழு பேரின் பெயர்களை வெளியிட்டார்கள். பதினேழில் ஒருவர் மக்ஃபால்.

அவருக்குச் சூட்டப்பட்ட பட்டம் 'பாராஸ்ட்ரோநாட்' என்பது. அவருக்கு அது பிடிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் நாம் 'பாரா' சத்திர வைத்தியர் அல்லவே, வீட்டில் 'பாரா' தகப்பனார் அல்லவே, இங்கே மட்டும் எதற்கு இந்த ஒட்டு என்று அவர் கேட்டார். நியாயமான கேள்விதான். அதனால்தான் நாமும் இந்தக் கட்டுரையில் அதற்கு ஒரு தமிழ்ப் பட்டம் கட்ட முயலவில்லை.

அவரைத் தேர்ந்தெடுத்தவுடன் கலத்தில் ஏற்றி அனுப்பி விடவில்லை. சுமார் இரண்டு வருஷம் அவரையும் அவர் காலையும் வைத்து ஆராய்ச்சி நடந்தது. ஆராய்ச்சியின் கேள்விகளைக் கேட்டால் நேயர்களுக்கே சுவாரஸ்யமாயிருக்கும். விண்வெளியில் ரத்தமும் நீரும் தலைக்கு ஏறும்போது தொடையின் மிச்சப் பகுதி சுருங்கும். அப்படியானால் செயற்கைக் காலின் கிண்ணம் தளர்ந்து போகாதா? எலும்பு கரையாமலிருக்க ஓடும் யந்திரத்தில் அவர் எப்படி ஓடுவது? ஓடும்போது செயற்கைக் கால் எவ்வளவு அழுத்தத்தைத் தாங்கும்? புறப்படும் சமயத்தில் அபாயம் நேர்ந்து கலத்தை விட்டுக் குதித்தோட வேண்டியிருந்தால் மற்றவர்களுக்குத் தாமதம் உண்டாக்காமல் அவரால் வெளியேற முடியுமா? மூடிய வீட்டின் காற்றை அந்தக் காலிலுள்ள பொருள் எதுவும் கெடுக்குமா?

ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். தாண்ட முடியாத தடை ஒன்றும் தென்படவில்லை. ஐரோப்பியர் மட்டும் அப்படிச் சொன்னால் போதாது. விண்வெளி நிலையத்தில் பங்குள்ள அமெரிக்கர் முதலிய மற்றத் தேசத்தாரின் வைத்தியர்களும் ஒப்புக்கொள்ள வேண்டும். அவர்களும் ஒப்புக்கொண்டு, மேலே குறிப்பிட்ட 2025 பிப்ரவரி அத்தாட்சி கிடைத்தது.

இதிலிருந்து பூமியில் உள்ளவர்களுக்கு ஏதாவது பலன் உண்டா என்றால், உண்டு என்றே நினைக்கிறோம். காலிழந்த ஒவ்வொருவருக்கும் காலையில் ஓர் அளவும் மாலையில் ஓர் அளவுமாகத் தொடை சுருங்கி விரிந்து, செயற்கைக் கால் உறுத்தும் தொல்லை நன்றாகத் தெரியும். விண்வெளியில் அந்தத் தொல்லைக்கு ஒரு பரிகாரம் கண்டால், அது பூமியில் பஸ்ஸுக்குக் காத்து நிற்பவருக்கும் பயன்படும். ஆனால் இந்தப் பலனுக்காகத்தான் அவரை அனுப்ப வேண்டும் என்று வாதாட நாம் விரும்பவில்லை. வேலைக்குத் தகுதியுள்ள ஒருவரை வேலைக்கு அனுப்புவதற்கு இத்தனை சமாதானம் எதற்கு?

புகையும் இருட்டும்

இவ்வளவையும் கேட்டபின்னும் சிலர், "ஒற்றைக் கால் சரி, பார்வையற்றவரை என்ன செய்வீர்கள்? ஓர் ஆபத்து வந்தால் ஒருவருடைய குறையினால் எல்லோருடைய உயிருக்குமல்லவா நஷ்டம்?" என்று கேட்பார்கள். இந்தக் கேள்வியை அலட்சியம் செய்வது சரியல்ல. விண்கலத்தில் ஒருவரைக் காப்பாற்ற இன்னொருவர் உயிரைப் பணயம் வைக்க வேண்டிய ஏற்பாடு கூடவே கூடாது. ஆனால் ஆபத்து என்றால் அது எப்படிப்பட்டது என்று சரித்திரத்தைக் கேட்க வேண்டாமா?

1997-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் மீர் என்னும் ரஷ்ய விண்வெளி நிலையத்தில் பிராணவாயு உற்பத்தி செய்யும் குப்பி தீப்பற்றிக் கொண்டது. உள்ளே ஆறு பேர் இருந்தார்கள். எங்கும் கரும்புகை சூழ்ந்து, முகத்துக்கு நேரே நீட்டிய கை விரல்கூடக் கண்ணுக்குத் தெரியாமல் தடவித் தடவி நகர்ந்தார்கள். அதே வருஷம் ஜூன் மாதம் சாமான் ஏற்றி வந்த கலம் ஒன்று அந்த நிலையத்தின் மீது மோதி, மின்சாரம் தடைப்பட்டு இருள் சூழ்ந்தது. இந்த இரண்டு ஆபத்துக்களிலும் கண்ணுள்ளவர்களுக்குக் கண்ணால் பிரயோஜனம் இல்லை. தீயணைக்கும் கருவி எந்த மூலையில் இருக்கிறது, வாசல் எந்தப் பக்கம் என்று கையாலேயே அறிந்து பழகிய ஒருவர் அங்கே இருந்திருந்தால் மற்ற ஐந்து பேரும் அவர் தோளைப் பற்றிக் கொண்டு போயிருப்பார்கள்.

2001-இல் கனடா தேசத்து வீரர் கிரிஸ் ஹாட்ஃபீல்ட் நிலையத்துக்கு வெளியே வேலை செய்து கொண்டிருந்தார். தலைக் கவசத்தின் கண்ணாடியில் ஆவி படியாமலிருக்கப் பூசிய மருந்து கசிந்து ஒரு கண்ணில் பட்டது. கண் எரிந்து நீர் சுரந்தது. விண்வெளியில் கண்ணீர் கீழே விழாது! அது கண்ணின்மேலேயே உருண்டையாகத் திரண்டு, மூக்கைத் தாண்டி மற்றக் கண்ணுக்கும் பரவிவிட்டது. சிறிது நேரம் இரண்டு கண்ணும் தெரியாமல் ஆகாசத்தில் தொங்கினார். அவர் அலறவில்லை, கண் தெளியும்வரை பொறுத்திருந்து, வேலையை முடித்துவிட்டுத்தான் உள்ளே திரும்பினார். பார்வையின்றி விண்வெளியில் பிழைக்க முடியுமா என்ற கேள்விக்கு, தற்செயலாகவேனும், ஒரு விடை கிடைத்திருக்கிறது.

வாசல் வழியே சென்றவர்கள்

மக்ஃபாலுக்கு முன்பே பக்கத்து வாசல் வழியாகச் சிலர் புகுந்துவிட்டார்கள். பக்கத்து வாசல் என்று நாம் சொல்வது தனவான்களும் தனிக் கம்பெனிகளும் நடத்தும் பிரயாணங்களை. பத்து வயதில் எலும்பில் புற்றுநோய் கண்டு, இடது காலில் எலும்புக்குப் பதிலாக உலோகத் தண்டு பொருத்தப்பட்ட ஹேலி ஆர்ஸனோ என்னும் அமெரிக்கப் பெண்மணி, 2021-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் மூன்று நாட்கள் பூமியைச் சுற்றி வந்தார். கலத்தின் வைத்தியப் பொறுப்பும் அவருடையதே. செயற்கை உறுப்புடன் விண்வெளிக்குச் சென்ற முதல் மனிதர் அவர். அந்தத் தண்டு இருக்கும்வரை சர்க்கார் வாசலில் அவருக்கு இடமே கிடைத்திராது.

அதற்கும் முன், 2007 ஏப்ரலில், அசைய முடியாமல் சக்கர நாற்காலியிலேயே வாழ்ந்த பேரறிஞர் ஸ்டீபன் ஹாக்கிங், எடையற்ற நிலையை உண்டாக்கும் ஆகாய விமானத்தில் எட்டுத் தடவை மிதந்தார். அப்பொழுது அவர் முகத்தில் தோன்றிய புன்சிரிப்பைப் படமாக எடுத்து உலகமெங்கும் வெளியிட்டார்கள். அதேவிதமான விமானத்தில் 2021 அக்டோபரில் பார்வையற்றவர், காது கேளாதவர், நடக்க இயலாதவர் ஆகப் பன்னிரண்டு பேரை 'ஆஸ்ட்ரோ ஆக்ஸெஸ்' என்னும் சங்கத்தார் அழைத்துச் சென்றார்கள். இது வேடிக்கைப் பயணமல்ல. தலைகீழாக மிதக்கும் இருவர் கைச் சைகையால் பேசிக் கொள்ள முடியுமா, தொட்டறியும் அடையாளங்களைக் கொண்டு பார்வையற்றவர் தம் இடத்துக்குத் திரும்ப முடியுமா, உடையில் எங்கே ஒரு பிடி வைத்தால் காலை இழுத்துக் கட்டிக் கொள்ளலாம் என்று ஒவ்வொன்றாய்ப் பரீட்சித்தார்கள்.

பின்னர் 2025-ஆம் வருஷம் டிஸம்பர் 20. மலைப்பாதையில் சைக்கிளிலிருந்து விழுந்து முதுகுத் தண்டில் அடிபட்டு, 2018 முதல் சக்கர நாற்காலியில் இருக்கும் மிஷேலா பென்ட்ஹவுஸ் என்ற ஜெர்மன் பெண் எஞ்சினீயர், அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்திலிருந்து புறப்பட்ட ராக்கெட்டில் நூறு கிலோமீட்டர் எல்லையைத் தாண்டிச் சென்று திரும்பினார். சக்கர நாற்காலியில் வாழ்கிறவர்களில் அந்த எல்லையைக் கடந்த முதல் மனிதர் அவரே. அவருக்காக அந்தக் கம்பெனியார் என்ன என்ன மாற்றங்கள் செய்தார்கள் என்று தேடிப் பார்த்தோம். ராக்கெட்டின் கோபுரத்தில் மின்தூக்கி ஏற்கெனவே இருந்தது. கலத்தின் வாசலிலிருந்து ஆசனம் வரையில் உட்கார்ந்தபடியே நகர்ந்து செல்வதற்கு ஒரு பலகை வைத்தார்கள். இறங்கிய பிறகு மணலில் நாற்காலிச் சக்கரம் புதையாமலிருக்க ஒரு ஜமக்காளம் விரித்தார்கள். பிரதானமான ஏற்பாடுகள் இவ்வளவே. ஒரு பலகை, ஒரு ஜமக்காளம்!

பிரயாணம் முழுவதும் சுமார் பத்து நிமிஷந்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பணம் படைத்தவர்கள் சீட்டு வாங்கிச் செல்லும் உல்லாசப் பிரயாணம் அது. அதையும் விண்வெளி நிலையத்தில் மாதக்கணக்கில் உழைப்பதையும் ஒன்றாக வைத்துப் பேசுவது பொருந்தாது. இந்த வகையில் ஐரோப்பியர் சென்ற வழியே கடினமானது, மெதுவானதும்கூட. 2025 முடியும்வரையில் மக்ஃபாலின் கையில் அத்தாட்சி இருந்ததே தவிர, அவர் மேலே போகவில்லை. அந்த அழைப்பிலும் கால் குறையுள்ளவர்களுக்கும் குள்ளமானவர்களுக்கும் மட்டுமே இடம் இருந்தது. காது கேளாதவருக்கும் பார்வையற்றவருக்கும் இடம் இல்லை. படகில் சீட்டாடியவர்களின் வாரிசுகள் இன்னும் கரையிலேதான் நிற்கிறார்கள்.

இதனிடையே காலம் ஒரு சந்தர்ப்பத்தைக் கொண்டு வந்திருக்கிறது. இப்பொழுதுள்ள சர்வதேச விண்வெளி நிலையம் பழசாகிவிட்டது. அதை 2030-ஐ ஒட்டிய வருஷங்களில் கடலில் இறக்கிவிட எண்ணியிருக்கிறார்கள். அதற்குப் பதிலாக அமெரிக்காவில் தனிக் கம்பெனிகள் புதிய நிலையங்களுக்குத் திட்டம் போட்டு வருகின்றன. சுவரில் பிடிகளை எங்கே பதிப்பது, வாசல் இருக்கும் திசையைக் கையால் தொட்டே அறியும்படி பிடியில் ஒரு வரி வெட்டலாமா, அபாய மணி ஒலிக்கும்போது படுக்கையும் சேர்ந்து அதிரும்படி செய்யலாமா, ஆசனத்தின் வாரை ஒரே கையால் மாட்டிக் கழற்ற முடியுமா என்பனவெல்லாம் எஞ்சினீயர்கள் மேஜையின் மேல் விரித்திருக்கும் படங்களில் பென்ஸிலால் தீரக்கூடிய விஷயங்கள். நிலையம் மேலே போன பிறகு ஒரு பிடியை மாற்ற வேண்டுமானாலும் ராக்கெட்டில் ஏற்றித்தான் அனுப்ப வேண்டும். மக்ஃபாலையும் பென்ட்ஹவுஸையும் போன்றவர்கள் அந்த மேஜையைச் சுற்றி எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கம்பெனிக்காரர்களை இப்பொழுதே கேட்டுவிட வேண்டும்.